உப்புப் பனிக்கட்டி

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். மலிண்டா கணவனின் கறுப்புக் காற்சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கையில், ஏனாஸ் காலியான தடுப்பூசி மருந்துப் புட்டியை ஆட்டியபடி கொட்டகையிலிருந்து வந்தான்.

"எல்லா மாட்டுக்கும் போட்டாச்சு. இந்த வருஷம் குளம்பழுகல் நோய் நம்ம வாசல்ல வந்து நின்னு பார்த்துட்டுப் போகட்டும்."

"உதைக்கலயா?"

"மருந்துதான் ரொம்பப் படுத்துச்சு. கட்டியா உறைஞ்சு கெடந்துச்சு. அடுப்புப் பக்கம் வச்சு இளக்கித்தான் போட்டேன்."

மலிண்டாவின் கை கொடியிலேயே நின்றது. நேற்று ஞாயிறு ஆராதனைக்குச் சபை கூடியது அவர்கள் வீட்டில். ஐஸ்பெட்டி முழுக்க ஊரார் கொண்டுவந்த பழ அப்பங்கள், பட்டாணி சாலட், ஊறுகாய். ஏனாஸின் தங்கை சலோமா தன் செர்ரிப் பழ அப்பத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, "மாட்டு மருந்துக்கு இடம் இருக்கு, என் அப்பத்துக்கு இல்லையா? பாதிரியார் வந்து இதையா தின்னப்போறாரு?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மலிண்டாவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "மருந்தை எடுத்து ஐஸ்கிரீம் தொட்டியில வையேன். அங்கதான் ஐஸ் குவிஞ்சு கெடக்கே."

அந்த ஐஸில் கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டவள் அவளே. வெறும் ஐஸ் பாலை உறைய வைக்காது, உப்பு சேர்ந்தால்தான் குளிர் கடிக்கும். விரல் மரத்துப்போனதைச் சொல்லி எல்லாரிடமும் கையைக் காட்டினாளே. அது எப்படி மறந்தது?

அக்கம்பக்கத்து மூன்று குடும்பங்களுக்கும் பொதுவான தொலைபேசி, தெருமுனையில் ஒரு மரக்கூண்டுக்குள் இருந்தது. ஈரக்கையோடு அங்கே ஓடினாள்.

"உறைஞ்சுதுன்னா போச்சும்மா," என்றார் மாட்டு டாக்டர். "அதை நம்பாதீங்க. புதுசு வரவழைச்சுத் தர்றேன். ஆனா வந்து, போட்டு, அது பிடிக்கறதுக்குச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் சேத்துல மட்டும் விடாதீங்க."

"உலர்புல் தீந்துபோச்சு டாக்டர். நேத்தே கடைசிக் கட்டைப் பிரிச்சாச்சு. ஓடைக்கரைப் புல்லைத்தான் நம்பியிருக்கோம்."

முடிந்தவரை பார்க்கச் சொல்லிவிட்டு டாக்டர் வைத்துவிட்டார்.

போன வசந்தத்தில் இதே ஓடைக்கரைச் சேறுதான். ரூத் என்ற அந்த வெள்ளைநெற்றி மாடு பின்காலைத் தூக்கியபடியே நின்றது. குளம்புப் பிளவிலிருந்து வந்த நாற்றம் மலிண்டாவின் மேலங்கியை விட்டுப் போகவே இல்லை. பால் வற்றி, கடைசியில் அடிமாட்டு லாரியில் ஏற்றியபோது, மூன்று காலால்தான் ஏறியது.

ஏனாஸிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"சலோமாகிட்ட சொல்லாத. பாவம், அழுவா."

"வெச்சது அவ. வைக்கச் சொன்னது நான்."

"சரி. ரெண்டு பேரும் அழுது என்ன ஆகப்போகுது?"

கொட்டகைக்குள் மாடுகள் வெறும் தொட்டியை நக்கிக் கத்தத் தொடங்கியிருந்தன. ஏனாஸ் அவற்றின் கயிறுகளை அவிழ்த்துவிட்டான். பிறகு போய் வேலிக் கதவின் கட்டையை உருவினான்.

குளிர்காலம் முழுக்கக் கட்டிக் கிடந்த மாடுகள். கிழட்டு மாடுகூடப் பின்னங்காலை உதறி எகிறிக் குதித்தது. மடி இருபக்கமும் ஆட, கன்றுக்குட்டிகள் போல ஓடைக்கரையை நோக்கிப் பாய்ந்தன. வருஷாவருஷம் மலிண்டா வாய்விட்டுச் சிரிக்கும் காட்சி அது. இன்று வேலியைப் பிடித்துக் குனிந்து, ஒவ்வொரு காலாகத் தேடினாள். முழங்கால்வரை சேறு அப்பியிருந்தது. ஒரு குளம்பும் கண்ணில் படவில்லை.