அண்ணியின் கட்டைவிரல்

பத்திரப் பதிவு அலுவலகத்து மேசையில் இருந்த மைப்பெட்டியை அண்ணியின் பக்கம் தள்ளினான் கொழுந்தன்.

"ஒரு நிமிஷ வேலை, அண்ணி. இடது கட்டைவிரல். வெச்சிட்டா வீட்டுக்குப் போயிடலாம்."

செத்துப்போன தலைவரின் மனைவி அவள். கட்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அண்ணி. தலைவர் குடியிருந்த வீட்டை நினைவகம் ஆக்கப் போகிறார்கள். வீடு அவளுடையது, அப்பா கொடுத்தது. அவள் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

பத்திரத்தைக் கண்ணருகே பிடித்துப் படித்தாள்.

"'எழுத்தறிவில்லாத நான்'னு போட்டிருக்கே. யாருப்பா அவ?"

"பழைய பத்திரத்துல அப்படித்தானே இருக்கு, அண்ணி!" என்று கொழுந்தன் மழுப்பினான்.

இருந்தது நிஜம். தலைவராகும் முன் சுமை தூக்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் இவள். அவர் பேரில் கட்டுரைகளும் துண்டறிக்கைகளும் எழுதியவளும் இவள்தான். ஒரு துண்டறிக்கையின் மூலப்பிரதி போலீசிடம் சிக்கி, வழக்காகிவிட்டது. எழுதிய கை யாருடையது என்று கோர்ட்டில் கேட்டார்கள். "அவர் கையெழுத்து இது இல்லை. இந்தம்மாவோ கைநாட்டு" என்றார் கட்சி வக்கீல். பொம்பளைக்கு எழுதத் தெரியாது என்றால் நம்புவதற்கு எந்த நீதிபதிக்கு வலிக்கும்? கூண்டில் நின்ற தலைவரும் தலையாட்டினார். வழக்குத் தள்ளுபடி. அந்த வாரமே அப்பா வீட்டை எழுதிக் கொடுத்த பத்திரத்திலும் பயந்துகொண்டு கைநாட்டே வைத்தாள்.

அப்புறம் வந்த புத்தகமெல்லாம் அவளை 'எழுதப் படிக்கத் தெரியாத உத்தமி' என்றது. பெண்களுக்குப் படிப்பு வேண்டும் என்று மேடைமேடையாகத் தொண்டை கிழியக் கத்திய தலைவர், சாகும்வரை அதைத் திருத்தவில்லை. வாய் வலித்திருக்கும்.

"கையெழுத்துப் போடுறேன்" என்று பேனாவை எடுத்தாள்.

பதிவாளர் நிமிர்ந்தார். "பழசுல கைநாட்டு இருக்கும்மா. கையெழுத்துப் போட்டா ஆளே வேறன்னு ஆயிடும். செல்லாது."

கொழுந்தன் அவள் காதருகே குனிந்தான். "அண்ணன் கைப்பட எழுதினதுன்னு கட்டுரையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம். இங்க நீங்க எழுதினா ரெண்டும் ஒரே கைன்னு பச்சப்புள்ளகூடச் சொல்லிடும். அண்ணன் மானம் என்னாகும்?"

"என் மானம் என்னாச்சுன்னு கேட்டியாடா ஒருநாளாச்சும்?"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து மையை நோக்கி இழுத்தான். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"கையை விடு. உங்கண்ணன் ஜெயிலுக்குப் போகக் கூடாதுன்னு அன்னிக்கு வெச்சேன். இப்ப யாரு போறா, சொல்லு!"

அவன் பிடியை விட்டுவிட்டான். பத்திரத்தை மேசைமேல் அப்படியே போட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள்.

வாசலில் ஒரு பத்திரிகைக்காரன் ஓடிவந்து வழிமறித்தான். "அம்மா, தலைவரைப் பத்தி ரெண்டு வார்த்தை. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"நீ எதுக்கு எழுதணும்? நோட்டைக் குடு."

கொழுந்தன் படியிறங்கி ஓடிவருவதற்குள் ஆறு வரி எழுதி, அடியில் தன் பெயரையும் போட்டிருந்தாள்.