செல் கேட்காத கொழுப்பு

எங்கள் வீட்டில் தப்பு செய்வது என் தங்கையின் துறை. பால் பொங்கி வழிந்தாலும் அவள்தான், சாவி தொலைந்தாலும் அவள்தான். நான் தப்பே செய்யாதவள் என்பது முப்பத்தெட்டு வருடமாக எல்லோரும், முக்கியமாக நான், ஒப்புக்கொண்ட விஷயம்.

செல்களில் கொழுப்பை அளப்பது என் வேலை. ஈதர் கொழுப்பு என்று ஒன்று உண்டு. மூளை, கண், எலும்பு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். அது முடியாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. தங்கையின் முதல் பெண் அப்படிப் பிறந்தாள். கண்ணில் புரை, குட்டைக் கைகள். பதினாலு மாதம் இருந்தாள்.

இப்போது இரண்டாவது, பையன், மூன்று மாதம். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த நோயில் மேலுக்குத் தெரியாத லேசான வகையும் உண்டு. தோலில் ஒரு துணுக்கு எடுத்து, செல் வளர்த்து, அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவானது. சொந்தக்காரர் மாதிரியைத் தொடாதே என்றார் எங்கள் ஆய்வகத் தலைவி, மேடம். நான்தான் அளப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

அளந்தேன். பூஜ்யம். தங்கையிடம் நானே போனில் சொன்னேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டாள். மூன்று நாளாக அவள் சாப்பிடவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். நான் சாப்பிட்டேன். எதைச் சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

நான்காம் நாள் மேடம் ஒரு படத்தை என் மேஜையில் வைத்தார். அந்தக் கொழுப்பைச் செய்யும் வேலையைத் தொடங்கிவைக்கிற என்சைம் எந்தச் செல்லில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் படம். ஒரு பக்கம் முதல் பெண்ணின் செல்கள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது, ஃப்ரீசரில் இருந்து எடுத்து வைத்தால் இன்னமும் வளர்கிறாள். என்சைம் கூடக்கூடப் படத்தில் பட்டை தடிக்கும்; அவளுடையது தடியாகக் கறுத்திருந்தது. பையனுடையது மெலிசு.

"இருக்கட்டும் மேடம்" என்றேன்.

"எப்படி இருக்கட்டும்? கொழுப்பு போதும்னாத்தான் செல் இந்த என்சைம அழிக்கும். இல்லேன்னா சேர்த்து வச்சுக்கும். வயிறு காஞ்சு கிடக்கிறவ அடுப்ப அணைச்சு வைப்பாளா?"

எனக்குச் சுருக்கென்றது.

"செல்லுலேர்ந்து கொழுப்பப் பிரிக்க குளோரோஃபார்ம் எந்த பாட்டில்ல எடுத்தே?"

ஜன்னலைக் காட்டினேன். கடையிலிருந்து வரும் பழுப்பு பாட்டில் ஊற்றும்போது வாய் ஓரம் வழியும். எனக்கு அது ஆகாது. அதனால் தெளிவான கண்ணாடி பாட்டிலில் மாற்றி, லேபிள் ஒட்டி, வெயில் விழும் ஜன்னல் ஓரம் வைத்திருந்தேன். லேபிளில் என் கையெழுத்து, மணி மணியாக. தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது.

வெளிச்சம் பட்டால் குளோரோஃபார்மில் அமிலம் ஊறும். அமிலம் பட்டால் இந்தக் கொழுப்பு உடைந்துபோகும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பதே நான்தான். கூடவே ஆரோக்கியமான செல்லையும் அளந்திருந்தால் அதுவும் பூஜ்யம் காட்டி, அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். நான் அளக்கவில்லை. போன வருடம் எடுத்த எண் இருந்தது, என் கையால் எடுத்த எண், அது போதும் என்று நினைத்தேன்.

"புது பாட்டில், பையனோட செல்லும் ஆரோக்கியமான செல்லும் சேர்த்து, வேற ஆள் கையால" என்றார் மேடம். வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

மறுநாள் மத்தியானம் முடிவு வந்தது. ஆரோக்கியமான செல்லில் எவ்வளவோ, பையனிடமும் அவ்வளவு. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு போன் செய்தேன்.

"குழந்தைக்கு ஒண்ணுமில்லடி. எல்லாம் சரியா இருக்கு. தப்பு என்னோடது."

அந்தப் பக்கம் பையன் எதற்கோ சிணுங்குவது கேட்டது.

"என்னக்கா சொன்னே?"

"குழந்தைக்கு ஒண்ணுமில்ல..."

"அது கேட்டுச்சு. கடைசியா சொன்னது."

"தப்பு என்னோடது."

"இன்னொரு தடவ சொல்லு." குரல் உடைந்திருந்தது.

சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மாப்பிள்ளை தொண்டையைக் கனைப்பது கேட்டது. சத்தமாகவே சொன்னேன்.