மூலை மனைக்கு ஓர் ஆள்

1
இந்தக் கதை ஓசிப் பிரியாணியில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருச்சுழி ரோட்டில் மனை பார்க்க இலவச வேன், மதியச் சாப்பாடும் உண்டு என்று புரோக்கர் அழகுராஜா போன் போட்டே என் உயிரை எடுத்தார். நம்பரை பிளாக் செய்தால் வேறு நம்பரில் வந்து, "சார், கடைசி ரெண்டே பிளாட்டு" என்பார். எரிச்சல் தாங்காமல் ஒரு ஞாயிறு போயே விட்டேன்.

2
தொடக்கம்: 'கரிசல் மண்ணில் வெயில் —'
(வேண்டாம். வெயிலை இன்னும் எத்தனை பேர்தான் விற்பது?)

இன்னொரு தொடக்கம்: சீமைக்கருவேலத்தை அழித்த பொட்டலில் வெள்ளைக் கல், கலர் கொடி, பிளாஸ்டிக் நாற்காலி. "ஏர்போர்ட்டு பக்கந்தான்" என்றார் அழகுராஜா. பறந்துகொண்டிருந்தது ஒரு காக்கை.

யாரும் மனை கேட்க முன்வரவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அந்த மூல மனை எனக்கு!" என்றார். கூட்டத்துக்குப் பதற்றம் வந்துவிட்டது. நாலு பேர் அட்வான்ஸை எடுத்து நீட்டினார்கள்.

3
அவர் தங்கலட்சுமி, எம்.ரெட்டியபட்டி. வாரநாளில் பருத்தி எடுப்பு. ஞாயிறானால் அழகுராஜா தரும் கூலிக்கு, மனை வாங்க வந்தவராக நடிப்பு. பிரியாணிப் பந்தியில் அவரே சொல்லிச் சிரித்தார். குடியிருப்பது கொழுந்தன் வீட்டில் ஒண்டுக்குடித்தனம். வாராவாரம் அதே மூலையைக் கேட்டுக் கேட்டு, அங்கே ஒரு வேப்பங்கன்றும் வைத்துவிட்டார். வேனில் தரும் தண்ணீர் பாட்டிலில் பாதி அதற்கு.
(கன்றை நான் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. இரண்டு இலை மட்டும் சேர்த்தேன்.)

4
பந்தி முடிந்ததும் சமீனா என்றொரு பெண் வந்தார். துபாயிலிருக்கும் கணவர் அவர் கையிலிருந்த போனில், வீடியோ காலில். நிஜமாகவே வாங்க வந்தவர்கள். அவர்களுக்கும் அந்த மூலைதான் பிடித்திருந்தது. ஆனால் நேராகத் தங்கலட்சுமியிடம் வந்தார்.

"அக்கா, நீங்கதான மொதல்ல கேட்டீக. ஒங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, நாங்க வேற பாத்துக்கிறோம்."

அழகுராஜாவுக்கு வேர்த்தது. விற்பவர், வாங்குபவர் என இரண்டு பக்கமும் வாங்கவேண்டிய கமிஷன் அந்தரத்தில் நின்றது. தங்கலட்சுமியை அதுவரை யாரும் மனை வாங்குகிறவராக மதித்துப் பேசியதில்லை. 'வேணும்' என்றால் ஞாயிற்றுக் கூலி போகும். 'வேண்டாம்' என்றால் கன்று போகும்.

5
முடிவு அ: "நீயே எடுத்துக்கம்மா" என்று கண்ணைத் துடை —
(அடித்துவிட்டேன். எனக்கே அழுகை வருகிறது.)

முடிவு ஆ: "எனக்குத்தான்." அழகுராஜா பல்லைக் கடித்துக்கொண்டு ரசீதை நீட்ட —

அன்று தங்கலட்சுமி என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். கதையாக எழுதப்போவதை இருவரிடமும் சொன்னேன்.

அழகுராஜா: "கதைக்கு ஆளு புடிச்சுக் குடுத்தது நானு சார். நமக்கு ஒரு ரெண்டு பர்சென்ட்டு?"

தங்கலட்சுமி: "நடந்தத எதுக்கு எழுதுறீக? காயிதத்துல எடத்துக்கென்ன பஞ்சமா? எனக்குத்தான்னு எழுதுங்க சார்."

அதைக் கேட்டதிலிருந்து என்னால் எந்த முடிவையும் எழுத முடியவில்லை. அவருக்கும் உங்களுக்கும் நடுவே நானும் ஒரு புரோக்கராக நிற்க வேண்டாம், ஒதுங்கிக்கொள்கிறேன். சமீனா காத்திருக்கிறார். தங்கலட்சுமி வாயைத் திறந்துவிட்டார். மிச்சத்தை நீங்கள் சொல்லிக்கொடுங்கள், கமிஷன் கிடையாது.

"தாயி, அந்த மூல மனை