பாலத்துக்கு வலப்புறம்

எங்கள் கூடத்துச் சுவரில் தூரதேசத்து நகரம் ஒன்றின் பழைய படம் தொங்குகிறது. அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டியது. ஆறு, அதன் மேல் பாலம், பாலத்துக்கு வலப்புறம் சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடு. கப்பல் கம்பெனி வேலைக்குப் போன என் கொள்ளுத்தாத்தா குடியிருந்த வீடு அது. ஊர்ச் சபையில் எங்களுக்குப் போடும் முதல் நாற்காலி அந்தக் கூரையால் வந்தது. படத்தின் மேல்விளிம்பில் ஏதோ எழுதியிருக்கும். யாருக்கும் வாசிக்க வரவில்லை. அந்த நாட்டு எழுத்து என்று விட்டுவிட்டோம்.

தம்பி மகன் அந்த நகரத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தான். அவனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் கூடத்தில் இருந்தார்கள். நம் வீட்டைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

“பாத்தேன் பெரியப்பா. ஆத்தப் பாத்து நின்னா, பாலத்துக்கு இடது பக்கம்.”

“வலது பக்கம்டா.”

“நேர்ல நின்னு பாத்தேன். இடதுதான்.”

பிறந்ததிலிருந்து நான் பார்க்கிற படம். இவன் அந்த நகரத்தில் கால் வைத்ததே இல்லை, எங்கோ கிடந்துவிட்டு வந்து கதை அளக்கிறான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சம்பந்தம் முறிந்தது. எழுந்து போன தம்பி பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. அவன் மகனுக்கு இன்றுவரை கல்யாணமும் கூடவில்லை.

போன மாதம் என் மகள் பழம்பொருள் கடையில் ஒரு கருவியைப் பார்த்திருக்கிறாள். மரக்கால், பெரிய லென்ஸ், பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி. இந்த மாதிரிப் படங்களை மேசையில் கிடத்தி அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டுமாம். வந்தவள் நேரே குளியலறைக்குப் போனாள். என் அப்பா முகம் மழித்த, அன்று காலை நானும் மழித்த கண்ணாடி அதே மரக்காலில்தான் நின்றது. லென்ஸ் பரணில் கிடந்தது.

பொருத்தினாள். குனிந்து பார்த்தேன். ஆறு நிஜம்போல உள்ளே நீண்டு போயிற்று. மேல்விளிம்பில், கண்ணாடிக்கென்றே இடவலம் மாற்றி அச்சிட்டிருந்த எழுத்து நகரத்தின் பெயராக நேராக நின்றது. சிவப்புக் கூரை பாலத்துக்கு இடப்புறம் இருந்தது.

“சித்தப்பாகிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா,” என்றாள்.

மூத்தவன் இளையவன் படியேறும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. படத்தையும் கருவியையும் துணியில் கட்டி அவளிடமே கொடுத்தனுப்பினேன். பார்த்தால் அவனே புரிந்துகொள்வான். மாலைக்குள் கட்டோடு திரும்பி வந்தாள்.

“எல்லாத்தையும் சொன்னேன், பிரிக்கக்கூட இல்லப்பா. ‘என் புள்ள சொன்னப்ப நம்பாதவரு, கண்ணாடி சொன்னதும் நம்பிட்டாரா? அதை அவரே வெச்சு சவரம் பண்ணிக்கட்டும்’னாரு.”

படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். வருகிறவர்களுக்கு வலப்புறம் என்றுதான் இன்னும் காட்டுகிறேன். அந்த நேரத்தில் மகள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.