கொம்பு சைக்கிளுக்கு ஒரு பின்கண்ணாடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காட்டைப் பற்றி ஒரு கதை. ஆண்டு மலருக்கு. கோட்டை, கப்பல், கிடங்கு, துணி மூட்டை எல்லாம் வர வேண்டும் என்றார் ஆசிரியர். சரி என்று தலையாட்டிவிட்டு ஊரை ஒரு பார்வை பார்க்கப் பேருந்து ஏறினேன். வழியில் ஒரு சைக்கிள்காரர். ஆட்டுக்கடாக் கொம்பு போல வளைந்து கீழே இறங்கிய ஹேண்டில்பார், அதன் ஒரு முனையில் சின்னக் கண்ணாடி. பேருந்து அவர் பின்னால் போய் ஹாரனை அழுத்து அழுத்து என்று அழுத்தியது. அவர் ஒதுங்கவில்லை. கண்டக்டர் வெளியே தலையை நீட்டி, மலரில் அச்சிட முடியாத ஒன்றைச் சொன்னார். அதற்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கோட்டையைப் போய்ப் பார்த்தேன், கல்லறைகளைப் பார்த்தேன், குறிப்பெடுத்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அந்தச் சைக்கிள்காரரின் முதுகுதான் ஞாபகம் வருகிறது.

2

முதல் தொடக்கம்: "ஆயிரத்து அறுநூற்று எண்பதுகளில் ஒரு காலை, கெல்ட்ரியா கோட்டையின் கிடங்குக் கணக்கர், கப்பலில் வந்திறங்கிய கண்ணாடி ஒன்றைக் கையில் பிடித்தபடி சைக்கிளில்"

நிறுத்தினேன். சைக்கிள் வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். கணக்கருக்கு எவ்வளவு அவசரமாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது: "அன்று ஏரி" (ஏரியை எதற்கு இழுக்கிறேன்? அது அதுபாட்டுக்கு இருக்கிறது.)

மூன்றாவது: "வீரராகவனுக்கு வலது காது கேட்காது. இது நாகம்மாளின் கைக்கு மட்டும்தான் தெரியும்."

இதை வைத்துக்கொண்டேன். மலர்க்காரருக்குப் பதில் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3

வீரராகவன் மீனவர். படகு எஞ்சினை ஒட்டியே உட்கார்ந்து உட்கார்ந்து வலது காதைப் பறிகொடுத்தவர். இடது காது அரைகுறை. எதிர்க்காற்று அடித்தால் அதுவும் இல்லை. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் படகில் ஏற்ற மாட்டார்கள். பின்னால் இருப்பவன் கூப்பிடுவது கேட்காத ஆளை முன்னால் நிறுத்தி யார் வலை விடுவார்கள்?

நாகம்மாள் அவருடைய மனைவி. காலையில் மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பழைய சைக்கிளின் கேரியரில் உட்காருவார். வீரராகவன் மிதிப்பார், தோளில் நண்டுப் பை. இருவரும் பக்கத்து ஊரான திருப்பாலைவனம் போய் விற்றுவிட்டு வருவார்கள். வழியில் நாகம்மாளின் கை சும்மா இருக்காது. அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினால் ஏதோ வண்டி வருகிறது, நேராகப் போ என்று அர்த்தம். இரண்டு தட்டினால் பெரிய வண்டி, ரோட்டை விட்டு இறங்கு. இது யாரும் உட்கார்ந்து பேசி ஏற்படுத்திய சட்டம் இல்லை, தானாக வந்தது.*

(* தட்டாமல் கையை முதுகில் அப்படியே வைத்துக்கொள்வதும் உண்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. நான் எழுதுகிறவன், ஒட்டுக்கேட்கிறவன் இல்லை.)

பிறகு டச்சுக்காரர் வந்தார். ஆம், கடைசியில் ஒருவர் வந்தேவிட்டார், மலர்க்காரர் நிம்மதியாக இருக்கட்டும். இவர் முன்னோரின் கல்லறையைத் தேடி வரவில்லை. பூநாரை பார்க்க வந்தார். கடற்கரை நெடுகச் சைக்கிளில் வந்தவருக்கு இங்கே முழங்கால் பிடித்துக்கொண்டது. காரில் விமான நிலையம் போகும்போது, பூநாரை காட்டப் படகில் கூட்டிப்போன வீரராகவனிடம் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போனார். இறகு மாதிரி எடையில்லை. மிதித்தால் பறக்கிறது. ஊர்ப் பையன்கள் அதற்குக் கொம்பு சைக்கிள் என்று பெயர் வைத்தார்கள்.

அதில் கேரியர் கிடையாது.

4

இந்த இடத்தில் முதல் வடிவத்தில் நாகம்மாளைக் கொன்றுவிட்டேன். காய்ச்சல். அப்புறம் வீரராகவன் தனியாக மிதிக்கிறார், முதுகு வெறுமையாக இருக்கிறது, வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நாலு பக்கம் மளமளவென்று வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தே எனக்குச் சந்தேகம். செத்துப்போனவரிடம் கோபித்துக்கொள்ள முடியாது. அவரும் நம்மிடம் கோபித்துக்கொள்ள மாட்டார். எழுதுகிறவனுக்கு அது பெரிய வசதி. எனக்கு வெட்கமாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.

நாகம்மாள் சாகவில்லை. புதுச் சைக்கிள் வந்த மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஷேர் ஆட்டோ ஏறிப் போனார். வீரராகவன் பின்னாலேயே கொம்பு சைக்கிளில் கிளம்பினார். மனைவி ஆட்டோவில் சௌகரியமாகப் போகிறார் என்றே நினைத்தார். ஆண்பிள்ளைகள் இப்படி நினைப்பதற்குக் கற்பனை எதுவும் தேவைப்படுவதில்லை.

முதுகில் கை இல்லாவிட்டால் என்ன, கண்ணாடிதான் இருக்கிறதே. இடது கைப்பிடியின் முனையில் டச்சுக்காரர் செருகி வைத்தது. வீரராகவன் அதைப் பார்த்துக்கொண்டே போனார். சாலையோரம் தெரிந்தது. சீமைக் கருவேல், தண்ணீர் நின்ற வயல், குளித்துவிட்டு நடந்து போகிறவர்கள். ஒரு வண்டிகூட இல்லை. ரோடு காலியாக இருக்கிறது என்று நடுவில் போனார். நான் பேருந்தில் பார்த்தது அதைத்தான்.

5

ஒரு காலை டிப்பர் லாரி அவருடைய வலது முழங்கையை உரசிக்கொண்டு போனது. சைக்கிள் சரிந்தது, பை கிழிந்தது. கொடுக்கு கட்டிய நண்டுகள் தார் ரோட்டில் அங்கங்கே கிடந்தன. அவருக்குத் தோல்தான் வழண்டது. கண்ணாடியைப் பார்த்தார். அதில் இப்போதும் கருவேல்தான் இருந்தது.

லாரிக்குப் பின்னால் வந்த ஷேர் ஆட்டோவில் நாகம்மாள் இருந்தார். முழுவதையும் பார்த்துவிட்டார்.

சாயங்காலம் காயத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே கேட்டார்.

"கண்ணாடி இன்னாத்துக்கு வச்சிக்கினு போற?"

"அதுல ஒண்ணும் தெரியலமே."

"எப்படித் தெரியும்? அது இந்தாண்ட கீது. லாரி அந்தாண்டல்ல வருது."

"வெள்ளக்காரன் வச்சது."

"அவன் ஊர்ல லாரி எந்தாண்ட வருமோ, யாரு கண்டா." மஞ்சளைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தார். "ஆட்டோல எனுக்கு முன்னாடி பொன்னியம்மா குந்தியிருந்தா. லாரி உன்ன நெருங்கச்சொல்லோ அவ முதுகுல ரெண்டு தட்டு தட்டிட்டேன். இன்னாடின்னு திரும்பிப் பாக்கறா. நான் இன்னான்னு சொல்லுவேன்?"

வீரராகவனுக்கு எல்லாம் கேட்டது. இடது காதை நாகம்மாள் பக்கம் திருப்பித்தான் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி ஓசில வந்துச்சுமே," என்றார் கடைசியில்.

"ஓசில வந்துச்சு. சரி. நீ எங்க குந்துவன்னு என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

அவர் அதைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

6

கண்ணாடி வாங்க இருவரும் பொன்னேரிக்குப் போனார்கள். துளசிங்கத்தின் சைக்கிள் கடை. (இங்கே கண்ணாடி வகைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எவ்வளவு படித்திருக்கிறேன் பாருங்கள் என்று காட்டத்தான். பாதியை எடுத்துவிட்டேன்.)

"எதுக்குண்ணே கண்ணாடி? சத்தம் கேட்டா ஒதுங்கப் போற," என்றான் துளசிங்கம்.

"சும்மா, ஸ்டைலுக்கு," என்றார் வீரராகவன்.

"வயசு திரும்புது அவருக்கு," என்றார் நாகம்மாள் சிரிக்காமல். "நீ எடுத்துப் போடு."

டச்சுக்காரரின் கண்ணாடியை வலப்பக்கம் மாற்றிச் செருகிப் பார்த்தார்கள். இடக்கைக்கென்றே செய்தது, வானத்தைக் காட்டியது. அடுத்தது மோட்டார் பைக் கண்ணாடி. வளைந்த கம்பியில் பிடிப்பு நிற்கவில்லை. குனிந்து கொம்பைப் பிடித்தால் முட்டியில் இடித்தது. நாகம்மாள் சாலையில் இறங்கி, லாரி வருகிற இடத்தில் போய் நின்றுகொண்டார். கத்தினால் கேட்காது என்று அவருக்குத் தெரியும். நான் கையைத் தூக்குகிறேன், தெரிந்தால் நீயும் தூக்கு என்று ஏற்பாடு. ஆட்டோ கண்ணாடியில் கை தெரிந்தது, தலை தெரியவில்லை. முனையில் செருகும் தட்டைக் கண்ணாடியில் வீரராகவனின் சொந்த முழங்கைதான் பாதிக்கு மேல். நாகம்மாள் வெயிலில் கையைத் தூக்கியபடி நின்றார். இவர் கை தூக்கவில்லை.

கடைசியாக ஒரு உருண்டைக் கண்ணாடி, நடுவில் புடைத்தது. ரோடு முழுவதும் வந்துவிட்டது, டீக்கடை, பேருந்து, நாய் எல்லாம். தூரத்தில் பெருவிரல் உயரத்துக்கு நாகம்மாள். வீரராகவன் கையைத் தூக்கினார். நாகம்மாள் நடந்து வருவது தெரிந்தது. இன்னும் தூரத்தில்தான் இருந்தார். இன்னும் தூரத்தில்தான்.

முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. வீரராகவன் துள்ளி, சைக்கிளோடு சாலையை விட்டு இறங்கப் பார்த்தார்.

"கண்ணாடில தூரமா இருந்தியே."

"நான் இங்கதான் கீறேன்," என்றார் நாகம்மாள். கையை உடனே எடுக்கவில்லை.

"புடைச்ச கண்ணாடிண்ணே," என்றான் துளசிங்கம். "எல்லாத்தையும் காட்டும், ஆனா தள்ளிக் காட்டும். சின்னதா தெரிஞ்சாலே பக்கத்துல வந்துட்டான்னு வச்சிக்க."

அதையே வாங்கினார்கள். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எழுதுகிறவன் பேச்சை அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்பதாக இல்லை.

7

முடிவு (அ): துளசிங்கம் ஒரு கேரியரைப் பற்றவைத்துத் தருகிறான், நாகம்மாள் ஏறி உட்காருகிறார். முடியாது. அந்த ஒல்லிச் சக்கரம் இரண்டு பேரைத் தாங்காது, என் வாக்கியமும் தாங்கவில்லை.

முடிவு (ஆ): கொம்பு சைக்கிளை விற்றுவிட்டுப் பழையதை எடுக்கிறார், மறுபடியும் பின்னால் மனைவி. எனக்குப் பிடித்த முடிவு. நாகம்மாளுக்குப் பிடிக்கவில்லை. "ஆட்டோல ரெண்டு கூடை ஏத்தறேன். இடுப்பும் வலிக்கல. உன் சைக்கிளாண்ட இன்னாத்துக்குத் திரும்ப வரணும்?" என்று என்னையே கேட்பார் போலிருக்கிறது. அவர் சொல்வது நியாயம்தான்.

ஆகவே (இ), எழுத முடியாமல் வாரக்கணக்கில் வைத்திருப்பது. காலை. நாகம்மாளின் ஆட்டோ முன்னால் போய்விட்டது. இன்று அவர் பின்னால் இல்லை. வீரராகவன் குனிந்து கொம்பைப் பிடித்து மிதிக்கிறார், எதிர்க்காற்று, இரண்டு காதும் இல்லை. வலது முனைக் கண்ணாடியில் ஒரு புள்ளி. டிப்பர். பார்த்துவிட்டார். துளசிங்கம் சொன்னது ஞாபகம் வருமா என்று தெரியவில்லை. ரொம்பத் தூரத்தில் இருக்கிறது என்று நினைக்கிற மாதிரித்தான் அவர் முதுகு

இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. எத்தனையோ முறை முடித்துப் பார்த்து அடித்துவிட்டேன், மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நான் எட்டிப் பிடிக்கலாம் என்றால், நான் அன்று பேருந்தில் போனவன், இறங்கி வரவில்லை. அந்தச் சைக்கிளில் எனக்கு இடம் கிடையாது. ஆனால் முதல் பத்தியிலிருந்து நீங்கள் அவர் முதுகுக்குப் பின்னால்தான் வருகிறீர்கள். எத்தனை தட்டு என்றும் உங்களுக்குத் தெரியும்.

தட்டுவதானால் இப்போதே தட்டுங்கள். கண்ணாடியில் லாரி தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது.