வெண்டல் புரூயிட் இன்னும் லாகின் ஆகிறார்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. காருக்கு ஆயில் மாற்றப் போன இடத்தில், அங்கே தருகிற காப்பியைப் போலவே ஓசியில் கிடைத்தது. (காப்பியைவிடக் கதை பரவாயில்லை.) காத்திருந்த என்னைப் பிடித்து உட்காரவைத்து, நான் கேட்காத ஒரு காருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தான் ஒரு விற்பனையாளன். சட்டையில் கைல் என்று பெயர் இருந்தது. கம்ப்யூட்டர் திரையோ 'நல்வரவு, வெண்டல்!' என்றது.

"வெண்டல் யாரு?" என்றேன்.

"அவர் செத்துட்டாருங்க. தங்கமான மனுஷன்," என்றவன், வெண்டலாகவே இருந்து என் லைசென்சைப் பிரதி எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: "ஹாலன்பெக் மோட்டார்ஸின் தலைசிறந்த விற்பனையாளர் இறந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தும் அவருடைய ஆன்மா..." [ஆன்மா வந்தவுடன் நிறுத்திவிட்டேன்.] அடுத்தது: "மேகம் கவிந்த ஒரு மாலையில் டார்லீன்..." [கார் ஷோரூமில் மேகத்தை யார் பார்க்கிறார்கள்?]

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

வாடிக்கையாளர்களின் தகவல்களைக் காக்க ஒவ்வொரு கார்க் கடையும் ஒரு 'தகுதி வாய்ந்த நபரை' நியமிக்க வேண்டும் என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. முதலாளி ஸ்கிப் ஹாலன்பெக் ஷோரூமைச் சுற்றிப் பார்த்தார். பதிவுத்தாள்களைக் கவனிக்கும் டார்லீன் குஸ்மா அந்த நேரம் பார்த்து பிரிண்டருக்கு மை மாற்றிக்கொண்டிருந்தாள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

"டார்லீன், உனக்கு இந்த மிஷின் எல்லாம் பழக்கம்தானே?"

"மை மாத்தத் தெரியும், ஸ்கிப்."

"அது போதும்."

இவளை ஒரு அசடாக எழுதத்தான் நினைத்தேன், சிரிக்க வசதியாக இருக்கும் என்று. ஆனால் அவள் அந்த உத்தரவை முழுக்கப் படித்துவிட்டாள். அந்தக் கடையில் அதைப் படித்த ஒரே ஆள் அவள்தான். ஆளுக்கொரு லாகின் வேண்டும் என்று போய் நின்றாள்.

"தலைக்கு ஒரு லாகின்னா தலைக்கு ஒரு காசு," என்றார் ஸ்கிப். "வெண்டலோடது சும்மாதானே கெடக்கு?"

ஆக, கடை முழுவதும் வெண்டலாகவே பிழைப்பு நடத்தியது. பாஸ்வேர்டு அவருடைய நாயின் பெயர், கூடவே ஒன்று என்ற எண். அதை எழுதித் திரையில் ஒட்டியிருந்த சீட்டை எடுக்கச் சொல்லி டார்லீன் ஒரு மாதம் சண்டை போட்டாள். சீட்டு விசைப்பலகைக்கு அடியில் போயிற்று. கடையின் கோப்பில் இது 'பாதுகாப்பு மேம்படுத்தப்பட்டது' என்று பதிவாகியிருக்கிறது.*

* வருடாந்திரப் பாதுகாப்புத் தேர்வில் வெண்டல் இறந்த பிறகு இரண்டு முறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார். உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூடத் தேறவில்லை.

3

இதில் மர்மம் எதுவும் கிடையாது. தப்பு செய்தவர் யார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்கிப்.

ஒரு சனிக்கிழமை, ஷோரூம் நிறையக் கூட்டம். கைலின் மேசையில் உட்கார்ந்து இமெயில் பார்த்த ஸ்கிப், "மீன்பிடி படகு ஜெயிச்சிட்டேன்டா!" என்று கத்தினார். இணைப்பைச் சொடுக்கினார். எழுந்து போய், கார் விற்றால் அடிக்கிற பித்தளை மணியையும் அடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் ஜனங்களின் லைசென்ஸ் பிரதி, சமூகப் பாதுகாப்பு எண், கடன் விவரம் எல்லாம் முகம் தெரியாத யாரிடமோ போய்ச் சேர்ந்துவிட்டன. படகு வரவில்லை.

கம்ப்யூட்டரின் பதிவில் எல்லாம் ஒரே வரிதான்: செய்தவர், வெண்டல் புரூயிட்.

4

அரசாங்கத்துக்கு அறிக்கை போக வேண்டும். வாடிக்கையாளர்களுக்கும் கடிதம் போக வேண்டும். ஸ்கிப் கடிதத்தை எழுதியே வைத்திருந்தார்: 'எங்கள் முன்னாள் ஊழியர் வெண்டல் புரூயிட்டின் கவனக்குறைவால்...'

டார்லீன் கடிதத்தைக் கீழே வைத்தாள். "இது அநியாயம், ஸ்கிப்."

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"வெண்டல்னு சொல்லுது."

"அப்ப வெண்டல்னு எழுது. கம்ப்யூட்டரைவிட நமக்குத் தெரியுமா?"

"அவர் செத்து ரெண்டு வருஷமாச்சு."

"ஆள் உசுரோட இருக்காரான்னு அந்த அறிக்கையில எங்கயாச்சும் கேட்டிருக்கானா? கேக்காததை நாம ஏன் சொல்லணும்?"

"மணி அடிச்சது நீங்க. எல்லாரும் பாத்தாங்க."

ஸ்கிப் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. அவருக்கு இனிமே என்ன கெட்டுப்போகப் போகுது? என் பேரு வந்தா கடை போகும், உன் வேலையும் சேந்து போகும். உன் மேல இருக்கிற அக்கறையில சொல்றேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனால் பழியைச் சுமக்கப்போவது செத்தவர் மட்டுமல்ல. வெண்டலின் இறுதிச் சடங்கு அன்று அவர் விற்ற கார்கள் தேவாலய வாசலிலிருந்து சோள வயல்வரை நின்றன. இப்போது அந்தக் கார்க்காரர்களின் வீடுகளுக்குத்தான் கடிதம் போகப் போகிறது. அவர் மகள் ஜெனெலுக்கும் ஒன்று போகும். அவள் இதே கடையில், சர்வீஸ் கவுண்டரில்தான் வேலை பார்க்கிறாள்.

அந்த நிமிஷம் கதவருகே, ஒரு ரிப்பேர் பில்லோடு நின்றுகொண்டிருந்ததும் அவள்தான்.

[இங்கே ஜெனெலை ஒரு பக்கம் அழவைத்து எழுதினேன். கதையில் ஒட்டவில்லை, கிழித்துவிட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்.]

"எங்கப்பாவா படகுக்கு ஆசைப்பட்டாரு? அவருக்குத் தண்ணின்னாலே பயம். எங்களை ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, கார்லயே உக்காந்து சாண்ட்விச் தின்னுட்டு இருப்பாரு."

"சும்மா ஒரு பேருதாம்மா, ஜெனெல். காகிதத்துல."

"அப்ப உங்க பேரைப் போடுங்களேன்."

ஸ்கிப்புக்கு உடனே எங்கிருந்தோ ஒரு போன் வந்தது. மணி அடிக்காத போன் அது.

5

முடிவு அ: டார்லீன் 'ஸ்கிப் ஹாலன்பெக்' என்று எழுதுகிறாள். நீதி வென்றது. [திங்கட்கிழமை அவளுக்குச் சம்பளம் யார் தருவது? நீங்களா?]

முடிவு ஆ: 'வெண்டல்' என்று எழுதுகிறாள். ஜெனெல் தபால் பெட்டியைத் திறக்கிறாள், உள்ளே... [இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?]

முடிவு இ: ஸ்கிப் மனம் திருந்துகிறார். [சிரித்து முடித்தீர்களா? சரி.]

6

ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். தகுதி வாய்ந்த நபருக்கும் ஸ்கிப் தனி லாகின் வாங்கித் தரவில்லை. அறிக்கையைத் திறக்க டார்லீனும் அந்த நாயின் பெயரைத்தான் தட்டினாள். தட்டியதும் மேலே ஒரு வரி தானாகவே நிரம்பியது: 'அறிக்கை அளிப்பவர்: வெண்டல் புரூயிட்.' அதை மாற்ற முடியாது. அதற்குக் கீழே ஒரு காலிப் பெட்டி: 'தவறு செய்தவர்.'

டார்லீன் அதைப் பார்த்தாள். பிறகு எழுந்து காப்பி எடுக்கப் போய்விட்டாள். இன்னும் திரும்பவில்லை. நானும் எழுதமாட்டேன். எனக்கும் அங்கேதான் ஆயில் மாற்ற வேண்டும்.

நாற்காலி காலியாக இருக்கிறது, வாருங்கள். உங்கள் பெயர் எங்கேயும் வராது. நீங்கள் எதை எழுதினாலும் அது வெண்டல் எழுதியதாகத்தான் இருக்கும். அவர் பெயரையே எழுதினால், தான் செய்யாததை அவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஸ்கிப்பின் பெயரை எழுதினால், இரண்டு வருடமாகத் தன் பெயரில் நடந்ததையெல்லாம் சகித்துக்கொண்டிருந்த மனிதர் கடைசியில் வாயைத் திறந்ததாக இருக்கும்.

பாஸ்வேர்டு விசைப்பலகைக்கு அடியில். கவுண்டரிலிருந்து ஜெனெல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.