கூன்வண்டின் வயிற்றில் என்ன?

1

இந்தக் கதை பிறந்தது என் வீட்டு அரிசி டப்பாவில். மூக்கு நீண்ட ஒரு கூன்வண்டு விளிம்பில் ஏறி என்னை முறைத்தது. கொலை, துரத்தல் என்று வாராவாரம் எழுதுகிறவனுக்கு அது போதும். ஆரம்பித்தேன்:

"அருங்காட்சியகத்தின் பூட்டிய அறையில் ஒரு பிணம் கிடந்த—"

(அடித்துவிட்டேன். பிணம் உண்மைதான். ஆனால் மிளகு அளவு.)

2

அவள் அருங்காட்சியகத்தில் பூச்சிகளை இனம் காண்கிறவள். எதிரே, அட்டை நுனியில் பசை வைத்து ஒட்டிய ஒற்றைக் கூன்வண்டு. அனுப்பியவன் முன்பு பக்கத்து மேஜைக்காரன். மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டான். புது இனமா, பழசா என்று கேட்டு வாராவாரம் போன் செய்வான்.

"என்ன டாக்டரம்மா, நம்ம ஆள் வாயைத் தெறந்தானா?"

"மூக்குதான் நீளமா இருக்கு. வாயைக் காணோம்."

"சரி, அடுத்த வாரம் கேக்கறேன்."

வெந்நீரில் ஊறவைத்து வயிற்றைத் திறந்தால் தெரிந்துவிடும். ஆண் வண்டின் உள்ளே இருக்கும் கொக்கி போன்ற உறுப்பு, இனத்துக்கு இனம் வடிவம் மாறும். அவள் திறக்கவில்லை. பதில் சொல்லிவிட்டால் அவன் எதற்குப் போன் செய்வான்?

(இங்கே எனக்கே அவள்மீது சந்தேகம். இவ்வளவு கெட்டிக்காரி, மனதில் இருப்பதை நேராகச் சொல்ல மாட்டாளா? ஆனால் பிணத்துக்கு அஞ்சாத என் துப்பறிவாளர்களும் அந்த ஒரு வார்த்தையில் தடுக்கி விழுந்தவர்கள்தான்.)

3

அதிகாரி கதவருகே நின்றார்.

"ஏம்மா, அந்த வண்டு ரிட்டயர் ஆகற வரைக்கும் பாத்துட்டே இருப்பீங்களா? இன்னைக்கே முடிங்க."

வெந்நீரில் போட்டாள். பசை கரைந்தது. கூடவே வயிறும் தனியாகக் கழன்று மிதந்தது. நுண்ணோக்கியில் குனிந்தாள்.

உள்ளே காலி.

யாரோ முன்பே திறந்து, உறுப்பை எடுத்துக்கொண்டு, வயிற்றைத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! அவளுக்கு முன் அதைத் தொட்டவன் ஒருவன்தான். விடை ஆரம்பத்திலிருந்தே அவனிடம் இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறான்.

அவள் கண்ணை எடுக்கவே இல்லை. லென்ஸ் மங்கியது.

4

முடிவு ஒன்று: "திருடா!" என்கிறாள். இருவரும் சிரிக்கிறார்கள். (சிரித்து முடித்தபின் லைனில் விழும் மௌனத்தை எழுத எனக்குத் தைரியமில்லை.)

முடிவு இரண்டு: வயிற்றைத் திரும்ப ஒட்டிவிட்டு, "இன்னும் பாக்கலை" என்கி—

வேண்டாம். இன்னும் எத்தனை வாரம்?

போன் அடிக்கிறது. எடுத்துவிட்டாள். எனக்கு அவள் குரல் பிடிபடவில்லை. இப்படி ஒரு போனுக்காக நீங்கள் ஏங்கியதுண்டு என்றால், மேற்கொண்டு நீங்களே பேசுங்கள். சீக்கிரம். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்:

"டாக்டரம்மா... லைன்ல இருக்கீங்களா?"